ஒழிச்சது

புளியரை எஸ் வளைவில்
ஒரு வண்டி இரண்டாம் கியரில் முக்கினால்
தங்கச்சன் வருகிறான் என்று அர்த்தம்.
ஒன்பது டின். சில வாரம் பதினொன்று.
புனலூரில் நேந்திரங்காய் வறுத்தது,
தென்மலைப் பொரோட்டாக் கடை கைகழுவியது,
யார் வீட்டுக் கல்யாணத்திலோ
அயிலை பொரித்துப் பொரித்துக் கறுத்தது.
இனி மனுஷ வயிற்றுக்கு ஆகாது.
என் மாவு மில் இன்ஜினுக்கு ஆகும்.
அது ஓடினால் தெருவெல்லாம் சிப்ஸ் வாசம்,
பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள்
புகைக்குழாயை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகும்.

ஆகாதது ஒன்றுதான். தண்ணீர்.

ஒரு வாரம் டிரம்மில் அசையாமல் வைத்தால்
கனத்தது அடியில் இறங்கும்.
கீழ்க்குழாயைத் திறந்தால்
முதலில் சாம்பல் நீர், நாற்றத்தோடு.
கடைசியில் எண்ணெய்.
நடுவில் கஞ்சிபோல ஒன்று,
இரண்டும் இல்லாமல் இரண்டையும் விடாமல்.
மூக்காண்டி அதற்கு வைத்த பேர் செக்போஸ்ட்.
தேங்காயெண்ணெய் இன்னும் மோசம்:
சாரல் காலையில் வெள்ளையாய் உறைந்து
தண்ணீரை உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்ளும்.

பிறகு உமி அடுப்பு. தீயைக் கூட்டக் கூடாது.
ஒருதரம் கூட்டினேன்.
பதுங்கியிருந்த நீர் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு
வெளியே குதித்தது.
இடது மணிக்கட்டில் இருக்கிறது அடையாளம்.

காய்ந்த தோசைக்கல்லில் ஒரு சொட்டு விடுவேன்.
சடசடத்தால் ஈரம்.
பேசாமல் புகைந்தால் சரி.

ஆனி பிறந்ததிலிருந்து
சொட்டு வாயை மூடவில்லை.
பாதி மிளகாய் அரைபட்டிருக்கும்போது
இன்ஜின் இருமி நின்றது, இரண்டு தரம்.
கேசவபுரத்துக்காரி திட்டியதை இங்கே எழுத முடியாது.
வடிந்த நீரை அளந்தேன்.
நூறு லிட்டருக்கு ஆறு. அடுத்த வாரம் எட்டு.

“தங்கச்சா, எண்ணெய்க்குக் காசு உண்டு.
மழைக்குக் கிடையாது.”

“ஞான் ஒழிச்சதல்ல, வடிவேச்சி.”

அவன் பாஷையில் ஒழிப்பது, ஊற்றுவது.
என் பாஷையில், இல்லாமல் செய்வது.
ஒரே சொல்லின் இரண்டு கரையில் நின்று
கத்திக்கொண்டோம்.
ஏழு வாரம் கழித்துத்தான் கொடுத்தேன் காசை.
அவனும் டின்களை இறக்கி வைத்துவிட்டு
டீ குடிக்காமல் போனான்.

ஒரு ராத்திரி கரண்ட் போய்
டார்ச்சோடு ஷெட்டுக்குள் போனேன்.
தகரக் கூரையில் ஆணி கழன்ற துளை.
அதற்கு நேர் கீழே டிரம்,
அதன் தலையில், விளிம்புக்குள்,
இரண்டு விரல் உயரம் மழைநீர்.
மூடியைச் சுற்றி
நீர் மெல்லச் சுழித்து உள்ளே போய்க்கொண்டிருந்தது.
பகலெல்லாம் இன்ஜின் சூட்டில் வெதுவெதுத்த டிரம்
கணவாய்க் காற்றில் குளிர்ந்து
மூச்சை உள்ளே இழுக்கிறது.
மூடியைக் கடைசியாக முறுக்கியது யார்?
நான்தான்.

வெகுநேரம் நின்றேன்.
சுழிப்பதை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை நோட்டைத் திறந்து
மூவாயிரத்து நானூற்றி இருபது எண்ணி நீட்டினேன்.
“இதெந்தா?”
“மழைக்காசு.”
கூரையைக் காட்டினேன்.
துளையைப் பார்த்தான், டிரம்மைப் பார்த்தான்,
நோட்டுகளை இரண்டு தரம் எண்ணினான்.
சட்டைப்பையிலிருந்து அவன் கணக்குச் சீட்டை எடுத்து
“நாப்பது குறவு” என்றான்.
கொடுத்தேன்.

அன்று வந்த டின் ஒன்றை அங்கேயே உடைத்து
கல்லைக் காயவைத்தேன்.
இரண்டு பேரும் குனிந்தோம்.
ஒரு சொட்டு.
லேசாகச் சடசடத்தது.

தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்:
“இது என்டே.”